செத்தவர் சொன்ன சம்பளம்

"செத்துப் போனவர் போன் எடுத்துப் பேச முடியுமா சார்?"

வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி இதுதான். தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன மச்சானுக்குப் புரையேறிவிட்டது. எதிரே இருந்த நிதானம் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "முதல்லேருந்து சொல்லும்மா" என்றார்.

நிதானம் என்பது அவருடைய பெற்றோர் வைத்த பெயர் அல்ல. காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் பல வருடங்கள் பொய்க் கோரிக்கைகளைத் துருவிக்கொண்டிருந்தபோது கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர். தீப்பிடித்த கிடங்குக்குள்கூட நடந்துதான் போவார் என்பார்கள். ஓய்வுபெற்ற பிறகு வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து, போலீசுக்குப் போக முடியாதவர்களின் சிக்கல்களைப் பார்த்துக் கொடுத்தார். மச்சான் அவர் மனைவியின் தம்பி. அச்சகத்தை விற்றுவிட்டு அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியும் ஆர்வக் கோளாறு அடங்கவில்லை. எந்த வழக்கிலும் முதல் அரை மணி நேரத்துக்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார். என்ன, அது ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை.

"நான் தையல் கடையில வேலை பாக்குறேன் சார்," என்றாள் அந்தப் பெண். "என் வீட்டுக்காரர் இன்னும் எங்க நாட்டுலதான் இருக்கார். அவரை இங்க கூட்டிட்டு வரணும்னா, அவரையும் வெச்சுக் காப்பாத்துற அளவுக்கு எனக்கு வருமானம் இருக்குன்னு காட்டணும். சம்பளச் சீட்டு, பேங்க் கணக்கு, முதலாளி கடிதம் எல்லாம் கொடுத்தேன். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் விசா ஆபீஸ்லேருந்து கடைக்குப் போன் பண்ணி விசாரிச்சிருக்காங்க. முதலாளியே எடுத்து, ஆமா, இவ இங்கதான் வேலை செய்யறா, சம்பளமெல்லாம் சரிதான்னு சொல்லியிருக்கார்."

"நல்ல விஷயம்தானே?" என்றார் மச்சான்.

"முதலாளி செவ்வாய்க்கிழமையே இறந்துட்டார் சார். ரெண்டு மாசமா ஆஸ்பத்திரியில கிடந்து, மாரடைப்புல போயிட்டார்."

வெளியே மழை பிடித்திருந்தது. ஜன்னலை மூடப் போன மச்சான், எதற்கும் இருக்கட்டும் என்று விளக்கையும் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த திங்கட்கிழமை அதிகாரி ஒரு கையெழுத்துக்காக மறுபடி கூப்பிட்டபோது முதலாளியின் தம்பி எடுத்து, அண்ணன் இறந்த செய்தியைச் சொல்லியிருக்கிறார். அன்றே அவளுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. முதலாளி போல ஆள் வைத்துப் பேசவைத்தாய் என்று சந்தேகிக்கிறோம். தக்க விளக்கம் தராவிட்டால் ஏமாற்றுவேலை என்று முடிவுசெய்வோம் என்று அதில் இருந்தது. அப்படி முடிவாகிவிட்டால் அவள் கணவன் பல வருடங்களுக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது.

"எனக்கு இது அஞ்சாம் மாசம் சார்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ எங்கம்மா இருந்தே?"

"ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். சாவுக்காகக் கடை மூடியிருந்துச்சு."

"கடைச் சாவி?"

"முதலாளியம்மாகிட்ட ஒண்ணு, அவர் தம்பிகிட்ட ஒண்ணு."

நிதானம் அதைக் குறித்துக்கொண்டார். "முதலாளி எப்படி? கோபக்காரரா? கத்துவாரா?"

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று மச்சான் திரும்பிப் பார்த்தார். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். "கத்தினதே இல்ல சார். இந்த நாலு வருஷத்துல அவர் சத்தமா சிரிச்சுக்கூட நான் கேட்டதில்ல. யாரையாவது கூப்பிடணும்னா மணி அடிப்பார். கோபம் வந்தா இரும்பு ஸ்கேலால மேஜையில ஒரே அடி. அவ்வளவுதான்."

அவள் போனதும் மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அத்தான், இது ரெட்டைப் பிறவி கேஸ். செத்தவருக்கு அச்சு அசலா ஒரு அண்ணன் தம்பி எங்கேயோ இருக்கான்."

"இருக்கலாம். முதல்ல குரலைக் கேட்டவரைப் பாப்போம்," என்றார் நிதானம்.

விசா அதிகாரி ஒடிசலான இளைஞர். சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார். முதலில் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். அந்தப் பெண் எழுதிக் கொடுத்த சம்மதத்தைப் பார்த்த பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எழுத்துல ஆள்மாறாட்டம்னு போட்டுட்டேன். ஆனா மனசுக்குள்ள அது சரியாப் படல," என்றார். "மூணு மாசம் முன்னாடி, கடிதம் உண்மையான்னு கேக்க நான் அவர்கிட்ட ஒருதரம் பேசியிருக்கேன். கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி குரல். ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. லைன் சரியில்லன்னுதான் நெனச்சேன். போன வெள்ளிக்கிழமை பேசினதும் அதே குரல். சத்தியமா அதேதான். இப்போ வீட்டுல போன் அடிச்சாலே எனக்குத் தூக்கிவாரிப் போடுது."

"பதிவு பண்ணின குரலா இருக்குமோ?" என்றார் மச்சான்.

"நான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துச்சே! கடைசி ரெண்டு சம்பளச் சீட்டுல தொகை கூட இருந்துச்சு. ஏன்னு கேட்டேன். லீவு நாள்ல வந்து பள்ளிக்கூடச் சீருடை தெச்சிருக்கா, புருஷனைக் கூப்பிடக் காசு வேணும்னு கேட்டா, நாங்கதான் வேலை கொடுத்தோம், பாவம் நல்ல பொண்ணுன்னார். அப்புறம் சொல்லாமக் கொள்ளாம வெச்சுட்டார்."

நிதானம் நன்றி சொல்லி எழுந்தார். படியிறங்கும்போது, "ரெண்டு மாசமா ஆஸ்பத்திரியில கிடந்தவருக்குக் கடைசி ரெண்டு சம்பளச் சீட்டைப் பத்தி எவ்வளவு விவரமாத் தெரிஞ்சிருக்கு பாரு மச்சான்," என்றார். மச்சானுக்கு அந்தப் பேச்சின் பொருள் புரியவில்லை. ஆவிக்குத் தெரியாதது உண்டா என்றுதான் அவருக்குத் தோன்றியது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பேசாமல் வந்தார்.

தையல் கடை ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. தெருவிலிருந்து ஆறேழு படி இறங்க வேண்டும். முதலாளியின் தம்பி ஷட்டரைத் தூக்கிவிட்டார். மார்பு வரை அடர்ந்த தாடி; அதற்குள் கழுத்து எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. விளக்கைப் போட்டதும் மச்சான் வந்த வழியே திரும்பினார். சுவர் ஓரமாகத் தலையில்லாத ஆட்கள் வரிசையாக நின்றார்கள். துணி போட்டுப் பார்க்கிற பொம்மைகள்தான் என்று மண்டையில் ஏறுவதற்குள் அவர் பாதிப் படி ஏறிவிட்டிருந்தார்.

"எல்லாம் அந்தப் பொண்ணோட வேலைதான்," என்றார் தாடிக்காரர். "அண்ணன் குரலைப் பதிவு பண்ணி வெச்சிருந்து போட்டிருப்பா. நான் இந்தக் கடையை மூடிடலாம்னு அண்ணிகிட்ட சொல்லிட்டிருக்கேன். ஆளில்லாத கடைக்கு எதுக்கு வாடகை, கரண்டு? அதுவும் மேல் வீட்டுக்காரங்க கதை கட்டுறாங்க. மத்தியானத்துல அண்ணன் குரல் கேக்குதாம்."

"யார் கேட்டாங்க?" என்றார் மச்சான்.

"கடைக்கு நேர் மேல இருக்கறவங்க. ஒத்தையாப் பேசிக்கிட்டு இருக்காராம். வெந்நீர் போட்டாச்சா, மாத்திரை எடுத்தியா, இந்த மாதிரி. நான் வந்து பாத்தேன். ஒரு ஈ காக்கா இல்ல."

முதலாளியின் அறை கடைக்கோடியில் இருந்தது. மேஜை விளிம்பில் ஸ்கேல் அடித்த தழும்புகள். பக்கத்தில் பித்தளை மணி. தொலைபேசி மேஜையின் இடது ஓரத்தில் இருந்தது. சுவரில் அவருடைய படம்: கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, அதற்கு மேல் ஒரு கழுத்துத் துணி, ஒரு கை மட்டும் காலரைச் சரிசெய்வதுபோலத் தொண்டையருகே. கடை மூடியிருந்த நாட்களில் எல்லாவற்றின்மேலும் மெல்லிய தூசி படிந்திருந்தது, முதலாளி உட்காரும் நாற்காலியைத் தவிர. மேஜைக்கடியில் சுவர் பிளக்கில் ஒரு சின்னக் கறுப்புத் தாங்கி செருகியிருந்தது. பேனா நிறுத்தும் குப்பி போல நடுவில் குழி. குழி காலியாக இருந்தது. பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்று கண் விழித்துக்கொண்டிருந்தது.

நிதானம் குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். "உங்க அண்ணன் பொருளெல்லாம் ஆஸ்பத்திரியிலேருந்து யார் வாங்கிட்டு வந்தாங்க?"

"அண்ணிதான். ஒரு பை. நான் பிரிச்சுக்கூடப் பாக்கல."

மறுநாள் மத்தியானம் இருவரும் கடைக்கு எதிரே இருந்த பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்தார்கள். ஷட்டர் இறங்கியிருந்தது. கட்டடத்துக்குப் பின்பக்கமும் ஒரு வழி உண்டு; அது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. தெருவில் மழைக்காலத்து மங்கல் வெளிச்சம். நிதானம் தன் கைபேசியில் கடையின் எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியையும் தட்டிவிட்டு மச்சானிடம் நீட்டினார்.

"நானா? நீங்களே பேசுங்களேன் அத்தான்."

"எனக்குக் காது மந்தம். நீ பேசு."

மணி அடித்தது. மூடிய ஷட்டருக்குப் பின்னாலும் அது மெலிதாகக் கேட்டது. மச்சான் யாரும் எடுக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்கள்.

முதலில் ஒரு ரீங்காரம், பூட்டிய பெட்டிக்குள் வண்டு பறப்பதுபோல. அதற்குள்ளிருந்து சொற்கள் வந்தன. "கடை. மூடியிருக்கு."

மச்சான் கைபேசியை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். "மு... முதலாளி இருக்காரா?"

வெகுநேரம் ரீங்காரம் மட்டும். பிறகு ஏறாத, இறங்காத அந்தக் குரல் சொன்னது: "அவர். செத்துட்டார்."

கைபேசி மச்சானின் மடியில் விழுந்தது. செத்தவருடைய குரலே செத்துவிட்டேன் என்று சொல்வதை அவர் தன் காதால் கேட்டுவிட்டார். நிதானமோ கைபேசியை எடுத்து அணைத்துவிட்டு, வருத்தத்தோடு தலையை ஆட்டிக்கொண்டார்.

"'அவர்'னு சொன்னதைக் கவனிச்சியா?"

"அத்தான், பின்வழியாப் போனா கையும் களவுமாப் பிடிச்சுடலாம்!" பயம் போய் மச்சானுக்கு வீரம் வந்திருந்தது.

"பிடிச்சு? அந்த ஆபீசருக்கு வேண்டியது திருடன் இல்ல, சாட்சி. சாட்சியைக் கழுத்தைப் பிடிச்சுக் கொண்டுவர முடியாது. நாளைக்கு எல்லாரையும் கடைக்கு வரச் சொல்லு."

மறுநாள் காலை முதலாளியின் அறையில் ஐந்து பேர் கூடினார்கள். தையல்காரப் பெண் ஒரு ஓரமாக நின்றாள். தாடிக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்திருந்தார். முதலாளியின் மனைவி கடைசியாக வந்தார். அறுபதை நெருங்கிய மெலிந்த பெண்மணி. கைப்பையை மார்போடு அணைத்தபடி, நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

நிதானம் மேஜை மணியை ஒருமுறை தட்டினார். தையல்காரப் பெண் தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்துவிட்டு, வெட்கப்பட்டு நின்றாள்.

"பாத்தீங்களா? அவர் கூப்பிடறதே இப்படித்தான். ஒரு மனுஷன் கத்த மாட்டார், சிரிக்க மாட்டார், மணி அடிச்சுக் கூப்பிடுவார், கோபத்தை ஸ்கேலால காட்டுவார். படத்துலகூட ஒரு கை கழுத்துலயே இருக்கு. ஏன்?" தாடிக்காரரைப் பார்த்தார். "உங்க அண்ணனுக்குத் தொண்டையில ஆபரேஷன் எப்போ நடந்துச்சு?"

"பன்னண்டு வருஷம் இருக்கும். புத்துநோய். குரல்வளையையே எடுத்துட்டாங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"எனக்குத் தெரியாது. ஆபீசருக்கும் தெரியாது. உங்கள்ல ஒருத்தர்கூட எங்ககிட்ட அதைச் சொல்லல. மறைக்கணும்னு இல்ல, மறந்துட்டீங்க. குரல்வளை இல்லாதவங்க கழுத்துல வெச்சுப் பேசற கருவி ஒண்ணு இருக்கு, டார்ச் லைட் அளவுக்கு. பொத்தானை அழுத்தினா ரீங்காரம் வரும். வாயை அசைச்சா அதுவே பேச்சாகும். பன்னண்டு வருஷம் கேட்டுக் கேட்டு, உங்களுக்கு அது கருவியில்ல, அவரோட குரலாவே ஆயிடுச்சு. ஆனா அது மனுஷனோட குரல் இல்ல. அந்தக் கருவியோட குரல். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு யார் தன் கழுத்துல வெச்சுப் பேசினாலும் அதே குரல்தான் வரும்."

தையல்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவர் ரெண்டு மாசமா இங்க இல்ல. இருந்தும் இந்த மேஜைக்கடியில அந்தக் கருவியோட சார்ஜர் பச்சை விளக்கோட நிக்குது. செத்தவர் சாமானை யாரோ தினம் சார்ஜ் போடறாங்க. யாரு?" நிதானம் குரலை உயர்த்தவே இல்லை. "இந்தப் பொண்ணு அன்னிக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தா. தம்பி பேசியிருக்க முடியாது. அந்தக் கருவி வெறும் தோல்ல பதிஞ்சு உக்காரணும். இந்தத் தாடி மேல வெச்சா இரைச்சல்தான் வரும். அதோட, லீவு நாள் வேலையைப் பத்தி அந்தக் குரலுக்குத் தெரிஞ்சிருக்கு. முதலாளி ஆஸ்பத்திரியில இருந்தப்போ அந்த வேலையை உனக்கு யாரும்மா கொடுத்தாங்க?"

"முதலாளியம்மா," என்றாள் பெண் மெதுவாக.

எல்லார் பார்வையும் அந்தப் பெண்மணி பக்கம் திரும்பியது. அவர் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். பிறகு, ஏதோ தீர்மானித்தவர்போல அதைத் திறந்து, தேய்ந்துபோன உலோகக் குழல் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஆபரேஷன் முடிஞ்சு இதை வெச்சு முதல்ல பேசினப்போ பயந்து அடுப்படிக்கு ஓடிட்டேன்," என்றார். "என் புருஷன் குரல் இல்ல இது, ஏதோ மிஷின் பேசுதுன்னு ஒரு வருஷம் அழுதேன். அப்புறம் பழகிடுச்சு. அவரோட பழைய குரல் எப்படியிருந்துச்சுன்னே இப்போ எனக்கு ஞாபகம் இல்ல. ஆஸ்பத்திரியில பையைக் கொடுத்தாங்க. பொத்தானை அழுத்தினேன். அவர் பேச வாயெடுக்கற சத்தம். அவர்தான் இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வீடு நெறைய சொந்தக்காரங்க. இங்க வந்து உக்காந்து, அவர் என்கிட்ட கேக்கறதையெல்லாம் நானே கேட்டுப்பேன். வெந்நீர் போட்டாச்சா, மாத்திரை எடுத்தியான்னு. அன்னிக்கு அப்படிக் கேட்டுட்டிருக்கும்போதுதான் போன் அடிச்சுது. கையில இது இருந்துச்சு. எடுத்துட்டேன். அவங்க இந்தப் பொண்ணைப் பத்திக் கேட்டாங்க. உண்மையைத்தான் சொன்னேன். இவளுக்கு இப்படி ஆயிடுச்சுன்னு தெரிஞ்சப்புறம் சொல்லியிருக்கணும். பைத்தியம்னு நெனச்சுடுவாங்களோன்னு வாயைத் திறக்கல. என்னை மன்னிச்சுடும்மா."

தையல்காரப் பெண் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமே அழுதார்கள். மச்சான் மேஜைமேல் கிடந்த கண்ணாடியை எடுத்து மும்முரமாகத் துடைத்தார். அது நிதானத்தின் கண்ணாடி என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

நிதானம் விசா அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, ஒலிபெருக்கியைப் போட்டார். முதலாளியின் மனைவி குழலைக் கழுத்தில் வைத்தார். "வெள்ளிக்கிழமை. பேசினது. நான்தான்," என்றது அந்தக் குரல். தெரிந்திருந்தும் மச்சான் ஓரடி பின்னால் நகர்ந்தார். மறுமுனையில் பெருமூச்சு ஒன்று கேட்டது. பல நாள் தூங்காத மனிதரின் பெருமூச்சு.

"புரிஞ்சுதும்மா. நேர்ல வந்து இதை எழுதிக் கொடுத்துடுங்க. ஏமாத்துன்னு போட்டதை எடுத்துடறேன்," என்றார் அதிகாரி. "ஆனா ஒரு சிக்கல் இருக்கு. வேலை கொடுத்த முதலாளி இப்போ இல்ல. கடையை மூடப் போறதா திங்கட்கிழமை போன்ல அவர் தம்பி சொன்னாரே. வேலை போச்சுன்னா இவங்க காட்டின வருமானமே செல்லாது. அப்போ நான் மறுத்துத்தான் ஆகணும். இப்போ அங்க முதலாளி யாரு?"

தையல்காரப் பெண்ணின் முகத்தில் இப்போதுதான் வந்திருந்த ரத்தம் வடிந்துபோனது. தாடிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொலைபேசிப் பக்கம் நகர்ந்தார். "நான் சொல்றேன் சார், நாங்க இந்தக் கடையை..."

"நீங்க இருங்க தம்பி," என்றார் அவர் அண்ணி.

குழலை மேஜைமேல் வைத்துவிட்டு முன்னால் வந்தார். அந்தக் கருவியில் ஒருநாளும் வர முடியாத குரல் அது. ஏறியது, உடைந்தது, தழைந்தது, மறுபடி தன்னைத் தூக்கிக்கொண்டது.

"நான்தான் சார் முதலாளி. கடையை நான் நடத்துவேன். இவளுக்கு இங்க வேலை இருக்கு. குழந்தை பொறந்து, அவ தேறி வர்ற வரைக்கும் அந்த மிஷின்ல வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன். எங்கே கையெழுத்து போடணும்னு மட்டும் சொல்லுங்க."

மறுமுனையில் பேனா கிறுக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"குறிச்சுக்கிட்டேம்மா," என்றார் அதிகாரி. "இந்தத் தடவை பேசினவங்க உயிரோட இருக்காங்கன்னும் சேர்த்து எழுதிட்டேன்."